தோள் வலிக்கு 38,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம்: மலையகத்து உறவுகள் கவனத்துக்கு

நேற்றுத்தான் அரசாங்க வைத்தியசாலையிலிருந்து திரும்பினோம். ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன்.

என் அம்மா இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். ஆனி மாத மழையில் மலையில் வழுக்கி, வலது கையை ஊன்றியபடி கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் கடைத்தெரு மாடியில் இருக்கும் ஒரு தனியார் வலிநிவாரண நிலையத்துக்குப் போனோம். வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் அம்மாவின் தோளை மெதுவாக அழுத்திப் பார்த்து, "எந்த மலையில விழுந்தீங்கம்மா, கூடையில எத்தனை கிலோ இருந்துச்சு?" என்று விசாரித்தார். எங்கள் பிழைப்பை அறிந்து கேட்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். அவருடைய தகுதி என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு தடவை சிகிச்சை, முழுக் குணம் நிச்சயம், கட்டணம் 38,500 ரூபாய், அதுவும் முன்கூட்டியே. அப்போதிருந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 28 நாள் வேலைக்கும் மேல். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். தந்த துண்டில் தொகை மட்டுமே இருந்தது; நிலையத்தின் பெயரோ பதிவிலக்கமோ இல்லை.

நான்கு தடவை கரண்ட் மெஷினை ஒட்டினார்கள். ஒட்டியிருக்கும் வரை வலி தெரியவில்லை. கையை அசைக்கவே கூடாது என்று துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏழு வாரத்தில் அம்மாவால் கொண்டை முடிய முடியாமல் போயிற்று. ஐந்தாம் தடவை போனபோது கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் "சேர் கொழும்புக்குப் போயிட்டார்" என்றார்கள். மறுவாரம், "வயசானா வலி இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். அதன் பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். 38,500 ரூபாய்!

எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர தசைநாரைக் காட்டாது என்றும், அடிபட்ட தோளை வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிடும் என்றும், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்றும் நேற்று வைத்தியர் விளக்கினார். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அந்த நிலையத்தில் அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல ஆட்டுவது, விரல்களால் சுவரில் மெல்ல ஏறுவது என்று பயிற்சி தொடங்கியிருக்கிறது. இதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். சிகிச்சை அளிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பெயரில்லாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். நாளை காலை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன். இப்படி மாடி நிலையத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் இன்றிரவே எனக்கு அறிவியுங்கள்.