வக்கீலம்மா ரீல்ஸும் என் ஜெராக்ஸ் கடையும்

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். திங்கக்கிழமை மனு நாள், எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கிடணும். முன்னெல்லாம் பெருசுங்கதான் வரும். இப்ப காலேஜ் பசங்களும் வர்றாங்க. கேட்டா எல்லாரும் ஒரே இன்ஸ்டா பக்கத்தைக் காட்டுறாங்க. சின்ன வயசு வக்கீலம்மா ஒருத்தங்க ஒரு நிமிஷத்துல சட்டம் சொல்றாங்க. வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு. அதனால நானும் பேரைப் போடல. அவங்களும் போன் நம்பர் போடறதில்ல, "இலவச சட்ட உதவிக்கு 15100"னு சொல்லி முடிச்சுக்கிறாங்க. அதுக்காகவே ஃபாலோ பண்ணேன்.

போன மாசம் ஒரு தம்பி வந்தான். முதல் வருசம் பாதியிலயே காலேஜை விட்டு நின்னவன். மீதி வருசத்துக்கும் ஃபீஸ் கட்டினாத்தான் பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட்னு சொல்லிட்டாங்களாம். மத்த பக்கமா இருந்தா "உரிமையைக் கேளுங்க"ன்னு கத்திட்டுப் போயிருப்பாங்க. இந்தம்மா ரீல்ல 2018 அக்டோபர்ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட அறிவிப்பையே விரிச்சு வெச்சு, ஒரிஜினலைச் சரிபார்த்த கையோட மாணவன்கிட்டயே திருப்பித் தரணும்ங்கிற இடத்தைப் பென்சில் முனையால தொட்டுக் காட்டுறாங்க. தம்பி அதுக்குக் கீழ பேனாவுல கோடு போட்டு மூணு காப்பி எடுத்தான். ஸ்டாப்ளர் அடிக்கறப்ப கை நடுங்குச்சு. நாலு நாள் கழிச்சு அதே மார்க் ஷீட்டை லேமினேஷன் போட வந்து நின்னான். வேண்டாம் சாமி, அப்புறம் சில இடத்துல வாங்க மாட்டாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். முப்பது ரூபா நஷ்டம்.

குறையும் இருக்கு. பின்னணி மியூசிக்ல பாதிப் பேச்சு காதுல விழல, அதை விடுங்க. பழைய ரீல்ஸ்தான் வம்பு. 2024 ஜூலை 1லேர்ந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, நம்ம ஊரு வாயில ஊறிப்போன மோசடிப் பிரிவு 420 இப்ப 318. ஆனா பழைய நம்பர் சொல்ற ரீல் இன்னும் சுத்துது. டெலகிராம்ல பார்ட் டைம் வேலைன்னு நம்பி ரெண்டு நாள் முன்னாடி பணத்தை விட்ட பாப்பா ஒன்னு, பிரிவு 420னு டைப் அடிச்ச மனுவோட வந்துச்சு. நம்பரைக்கூட மாத்திக்கலாம். பணம் போன கையோட சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு அடிச்சிருக்கணும், ரெண்டு நாள் போச்சே! என் கடை போன்லயே அடிக்க வெச்சேன். வக்கீலம்மா 1930 பத்தியும் நல்லாவே பேசியிருக்காங்க, ஆனா அந்த ரீல் எங்கயோ அடியில கிடக்குது.

அதை மேல பின் பண்ணி வைங்கம்மான்னு மெசேஜ் போட்டேன். ஹார்ட் போட்டாங்க. ரீல் இன்னும் அடியிலயேதான் இருக்கு. இப்போதைக்கு அஞ்சுக்கு மூணரை.