ஊசி மலிவு, வேன்தான் செலவு

போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுப்பது ஊசி மாற்று வேன். மொரிஷியஸின் தெற்கில், கரும்புக் காட்டு ஊர்களில் அந்த வேன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளப் பலகையைத் தேடிப் பயனில்லை. கோயில் வாசலில் நிறுத்தினால் மாமாவோ சித்தியோ பார்த்துவிடுவார்கள் என்று ஒருவரும் வரமாட்டார்கள். காட்டு ஓரத்தில் ஒதுங்கி நிறுத்தினால் போலீஸ் கண்ணில் படும். கடைத்தெருவுக்குச் சற்றுத் தள்ளி, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான் சரியான இடம். நேரமும் நாளும் மாறவே கூடாது. இரண்டு வாரம் வராமல் போனால், மூன்றாம் வாரம் வேன் மட்டும்தான் நிற்கும்.

விடுமுறைக்கு ஊர் வரும் நம்மவர்களுக்கு இந்த விஷயம் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஆப்பிரிக்கப் பகுதியில் இதை முன்கூட்டியே தொடங்கிய நாடுகளில் மொரிஷியஸும் ஒன்று. 2005-ல் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்பவர்கள். மறு ஆண்டே, ஹெராயினுக்குப் பதிலாக அளவோடு கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சை வந்தது. ஊசி மாற்றுக்கு இடம்கொடுக்கும் எச்ஐவி சட்டமும் 2006-ல் நிறைவேறியது. இன்று சுகாதார அமைச்சின் வேன்கள் ஒருபுறம், கொலெக்டிஃப் உர்ஜான்ஸ் டொக்சிடா போன்ற தொண்டு அமைப்புகள் மறுபுறம். வெளிப்பணத்தில், எச்ஐவி, காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான குளோபல் ஃபண்டின் பங்கு பெரிது. நாட்டின் வருமானம் உயர உயர அந்தப் பணம் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது தூரத்து ஊர்.

காரணம் கணக்கு எழுதும் முறை. உதாரணத்துக்கு, ஒரு வேன், இரண்டு ஊழியர், இரண்டு மணி நேரம். போர்ட் லூயியில் 60 பேர் வருவார்கள், தெற்குக் கிராமத்தில் 6 பேர். சம்பளம் அதேதான், டீசல் கூடுதல். ‘ஒரு சிரிஞ்சுக்கு எவ்வளவு செலவு’ என்று பார்த்தால் கிராமம் பத்து மடங்கு வீணாகத் தெரியும். சிரிஞ்சு விலை இந்தக் கணக்கில் தூசு. சம்பளம், வண்டி, கழிவை எரிக்கும் செலவு ஆகியவைதான் பணத்தை விழுங்குபவை. அந்த ஆறு பேரில் ஒருவருக்கு எச்ஐவி வந்தால் ஆயுள் முழுக்க மருந்து கொடுப்பதும் இதே அரசுதான். அது வேறு கணக்குப் புத்தகத்தில் இருப்பதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊசி பிரிக்க முடியாதபடி பொருத்திய 1 மில்லி சிரிஞ்சு, கிருமி நீக்கிய தண்ணீர்க் குப்பி, ஆல்கஹால் துடைப்பான், மருந்து கரைக்கும் சிறு கிண்ணம், வடிகட்டி, ஆணுறை. தண்ணீரும் கிண்ணமும் செலவைக் குறைக்க விட்டுப்போகிறவை. அப்போது சிரிஞ்சு புதிதாக இருந்தும் கிண்ணம் பொதுவாகிவிடும், அதன் வழியே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி பரவும். இங்கே ஊசி போடுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தக் கிருமி தொற்றியிருப்பதைக் கண்ட ஆய்வுகள் உண்டு. ஊசியைக் கழற்றி மாட்டும் சிரிஞ்சில் அழுத்திய பிறகும் 84 மைக்ரோலிட்டர் அளவுக்கு இரத்தம் கலந்த திரவம் தங்கும். பொருத்திய ஊசியில் சுமார் 2 மட்டுமே. கழற்றும் வகையில் ஹெபடைடிஸ் சி கிருமி 63 நாள் வரை உயிரோடிருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையிலும் சறுக்கல் உண்டு. நாளுக்கு மூன்று முறை போடுபவருக்கு வாரத்துக்கு 21 சிரிஞ்சு வேண்டும். வாரம் ஒருமுறை வரும் வேன் பத்து கொடுத்தால் மீதிக்குப் பழையதுதான். ‘ஒன்று கொடுத்தால் ஒன்று’ என்ற விதி கிராமத்தில் சரிவராது. 2000-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி ஊசி வைத்திருப்பதையே குற்றமாக்க முடியும் என்ற பயத்தில், பழைய ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாரும் பஸ் ஏறமாட்டார்கள், கரும்புக்குள் எறிந்துவிடுவார்கள். அது வெட்டுபவர் கையிலும், தைப்பூசத்தன்று வெறுங்காலோடு காவடி எடுப்பவர் காலிலும் குத்தும். தேவைக்கு ஏற்பக் கொடுத்து, கூடவே குத்தாத கெட்டிப் பெட்டியும் தர வேண்டும். பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். திணித்தால் ஊழியர் விரல்தான் போகும்.

மெத்தடோன் விடிகாலையில் பல ஊர்களில் காவல் நிலைய வளாகத்தில் கொடுக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவருக்கு நேரம் வசதி. ஆனால் போலீஸ் முற்றத்தில் வரிசையில் நிற்க எத்தனை பேர் துணிவார்கள்? தொடர்ந்து மூன்று நாள் தவறினால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், மூச்சு நின்றுபோகும். எந்த அபின் வகை மருந்தானாலும் மூச்சு அடங்கினால் செயற்கை மூச்சு கொடுத்தபடியே, அந்த மருந்தின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் 0.4 மில்லிகிராம் தசையில் போட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லையென்றால் இன்னொன்று. நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், மெத்தடோன் அதைவிட நீண்டு நிற்கும். எழுந்து உட்கார்ந்தார் என்று வீட்டுக்கு விடக்கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளி அதிகம் வரும் காலம். எச்சரிக்கையின் வகுப்பு எண் கூடக் கூட ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் ஊரே அடங்கிவிடும், வேனும் வராது. முதல் வகுப்பிலேயே இரண்டு வாரத்துக்கான பையைக் கொடுத்துவிடுவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. அந்தக் கூடுதல் இருப்பு பட்ஜெட்டில் இருக்கிறதா என்று டிசம்பரிலேயே கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உதவ நினைப்பவர்கள் தயவுசெய்து சிரிஞ்சு பெட்டி அனுப்ப வேண்டாம். அளவு பொருந்தாது, சுங்கத்தில் தூங்கும். பணமாகக் கொடுத்து, ரசீதில் ‘டீசலும் ஓட்டுநர் சம்பளமும்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.