நாலு வருஷமாக ஒழுகும் ஃப்ளிப்பர்

நண்பர் ஒருவர் மொபைலுக்குப் பின்பால் கேம் (சாய்ந்த மேஜையில் உருளும் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டி ஆடுவது) செய்ய உட்கார்ந்திருக்கிறார். "நீங்க வச்சிருக்கிற ஃபிசிக்ஸ் என்ஜினையே நானும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். பந்து எங்கே போகும், எதில் எப்படி மோதும் என்று கணக்குப் போட்டுத் தரும் ரெடிமேட் புரோகிராம் அது; என் பின்பால் கேமும் அதில்தான் ஓடுகிறது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நாலு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவனிடம் கேட்டால் ஒரு வார்த்தையோடு நிற்குமா? பேர் சொல்லப் போவதில்லை. இலவசமாகக் கொடுத்தவர்களை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவது முறையில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். பந்தைத் தட்டி மேலே அனுப்பும் சின்னக் கைதான் ஃப்ளிப்பர்; பந்து அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் ஒழுகிப் போய்விடுகிறது.

நிஜ மேஜையில் ஓடும் எஃகுப் பந்து 27 மி.மீ. விட்டம், 80 கிராம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். பந்து எங்கே இருக்கிறது என்று என்ஜின் நொடிக்கு 60 தடவை கணக்குப் போட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் 5 செ.மீ. தாண்டிவிடும். இடையில் மெல்லிய சுவர் இருந்தது என்ஜினுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு மருந்து என்ஜினிலேயே உண்டு. பந்து கடந்த வழி முழுவதையும் தடவிப் பார்க்கச் சொல்லலாம். ஆன் செய்ததும் சுவர்ப் பிரச்சினை அன்றோடு ஒழிந்தது, அதை மறுக்கவில்லை.

ஃப்ளிப்பர் சும்மா நிற்கும் சுவர் இல்லையே! என் ஃப்ளிப்பர் 75 மி.மீ. நீளம், 50 டிகிரியை 2 ஃப்ரேமில் (நொடிக்கு 60 ஃப்ரேம், ஒவ்வொன்றும் திரையில் ஒரு படம்) சுற்றும். ஒரு ஃப்ரேமுக்கு 25 டிகிரி என்றால் நுனி கிட்டத்தட்ட 33 மி.மீ. நகர்கிறது. பந்தின் அகலமே 27. ஃப்ளிப்பர் பந்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. பந்து நகர்வதைத் தடவிப் பார்க்கும் என்ஜின், ஃப்ளிப்பர் சுழல்வதை மட்டும் கண்டுகொள்ளாது.

முதல் மூன்று வாரம் போனது என் தப்பு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஃப்ளிப்பரின் கோணத்தை நானே மாற்றிக்கொண்டிருந்தேன். என்ஜின் கணக்கில் அது வேகம் இல்லை, இடமாற்றம். பந்து அடிபடாமல் சோம்பலாக ஒதுங்கியது. கோணத்தை விட்டுவிட்டுச் சுழல் வேகத்தைக் கொடுத்த பிறகுதான் அடி அடியாக விழுந்தது. பிறகு கணக்கை நொடிக்கு 480 ஆக்கினேன். இப்போது நுனி ஒரு தடவைக்கு 4 மி.மீ. நகர்கிறது. ஒரு பந்து, கொஞ்சம் சுவர்கள், அவ்வளவுதான் என்பதால் போன் சூடாகவும் இல்லை. ஒழுகல் பத்தில் ஒன்பது பங்கு அடைபட்டது. மீதி ஒரு பங்குக்காகத்தான் இவ்வளவு புலம்பல்.

விண்டோஸோடு வந்த ஸ்பேஸ் கேடட் பின்பால் கேமை 64 பிட் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றியபோது அதிலும் பந்து பேய் மாதிரி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போனதாம். அங்கேயே அப்படியென்றால் நான் எம்மாத்திரம் என்று சில ராத்திரி தேற்றிக்கொண்டதுண்டு.

ஈர்ப்பு விசையில் எல்லாரும் ஒரு தடவை சறுக்குவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 9.8 போட்டால் பந்து கல் மாதிரி விழும். மேஜையின் சாய்வு 6.5 டிகிரிதான், அந்தச் சரிவில் கிடைப்பது 1.1. பந்து வழுக்காமல் உருள்வதால் அதிலும் ஏழில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 0.8. இந்த எண்ணைப் போட்ட அன்று பந்துக்கு முதல் தடவையாக எடை வந்தது. ஆனால் மெதுவான மோதலில் துள்ளலே இல்லை, களிமண் உருண்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே துள்ளல் வேண்டாம் என்று என்ஜினுக்குள் ஒரு எல்லை. அடுக்கிய பெட்டிகள் நடுங்காமல் இருக்க வைத்தது. ஃப்ளிப்பரைத் தூக்காமலே பந்தை அதில் பட்டு எதிர்ப்பக்கம் போக விடுவது ஆடுபவர்களின் அடிப்படை வித்தை. அதுவே செத்தது. மேஜை, பந்து, ஈர்ப்பு எல்லாவற்றையும் பத்து மடங்கு பெரிதாக்கினேன், தீர்ந்தது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷமும் ஒன்று உண்டு. கால இடைவெளியைச் சீராக வைத்தால், அதே தொடுதலுக்கு அதே போனில் அச்சுப் பிசகாமல் அதே ஆட்டம் வருகிறது. அதனால் வீடியோ தேவையில்லை. எந்த நொடியில் எந்தப் பக்கம் கட்டைவிரல் பட்டது என்ற சின்னப் பதிவு போதும். "பந்து காணாமப் போச்சு" என்று ஒருவர் எழுதினால், அந்தப் பதிவை அவருடைய மாடல் போனிலேயே ஓட்டி, நொடியில் 480-ல் ஒரு பங்காக நகர்த்திப் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்த ஒன்று: பந்து பக்கச் சுவரோரமாக இறங்கி, ஃப்ளிப்பரின் அடிப்பாகம் சுவரைத் தொடும் மூலையில் வந்து உட்கார்கிறது. விரல் படுகிறது. ஃப்ளிப்பர் மேலே தள்ள, சுவர் எதிரே தள்ள, பந்து நடுவில் நசுங்குகிறது. மூன்றாவது கணக்கில் பாதிப் பந்து ஃப்ளிப்பருக்குள். எந்தப் பக்கம் வெளியே தள்ளுவது என்று என்ஜின் யோசிக்கிறது, கீழே தள்ளிவிடுகிறது. ஆடியவருக்குத் தெரிந்ததெல்லாம், சரியான நேரத்தில் தட்டியும் பந்து போயிற்று என்பதுதான். அவர் கொடுத்த ஒற்றை நட்சத்திரம் எனக்கு, என்ஜினுக்கு இல்லை.

ஆகவே நண்பருக்கு: எடுக்காதீர்கள். வட்டமும் கோடும் மோதுவதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஃப்ளிப்பர் என்பது ரெண்டு வட்டமும் அவற்றை இணைக்கும் ரெண்டு கோடும்தான். இதையே போன வாரம் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றிருப்பேன். நேற்று ராத்திரி இன்னொரு பதிவு வந்திருக்கிறது. வலது ஃப்ளிப்பராம். இன்னும் திறந்து பார்க்கவில்லை.