போர்டிலேயே இல்லாத ஐசிக்கு 1,800 ரூபாய்: ராஸ்பெர்ரி பை கேம் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ராஸ்பெர்ரி பையில் (உள்ளங்கை அளவு சின்னக் கணினி) பழைய கேம் விளையாடுகிறவர்கள், சத்தம் உடைகிறது என்று பெட்டியைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் இங்கே வராது, நடந்தது மட்டும் வரும்.

பெட்டி: பை 4, 4 ஜிபி, பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள். பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 1, சூப்பர் நின்டெண்டோ கேம்கள். குறை: டிவியில் சத்தம் கரகரவென்று உடைகிறது, கேமும் இழுத்து இழுத்து ஓடுகிறது. நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் கடையில் பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு வந்துவிட்டது: "ஆடியோ ஐசி அடிச்சுப் போச்சுண்ணே, மாத்தணும்." ஒன்பது நாள், 1,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு. அதில் "ஆடியோ ஐசி, சர்வீஸ்" என்று பேனாவால் எழுதியிருந்தது. வீட்டில் மாட்டினால் அதே கரகர, போதாததற்குத் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி. திரும்பக் கொண்டுபோனால், "உங்க ஏரியா கரன்ட் சரியில்ல, ஸ்டெபிலைசர் போடுங்க, நம்ம கிட்டயே இருக்கு."

முதலில் அந்த ஐசி. பை 4-ல் ஆடியோவுக்கென்று தனி ஐசியே கிடையாது. 3.5 மிமீ ஜாக்கில் வரும் சத்தத்தை முதன்மைச் சிப்பே பிடபிள்யூஎம் துடிப்புகளாக (அகலம் கூடிக் குறையும் மின்துடிப்புகள்) உருவாக்கி அனுப்புகிறது. நடுவில் சிக்னலைத் தாங்கி அனுப்பும் ஒரு சின்ன பஃபர், சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ வழியில் அதுவும் இல்லை. படத்தோடு சேர்ந்து டிஜிட்டலாகவே சத்தமும் போகிறது. இந்தப் பெட்டியில் ஜாக்கில் ஒருநாளும் வயர் செருகியதில்லை. போர்டை லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் புதிதாக ஈயம் வைத்த தடம் இல்லை, ஃப்ளக்ஸ் கறை இல்லை. பெட்டியின் நான்கு திருகில் ஒன்றைத்தான் காணோம்.

மின்னல் குறி புதிதாக வந்ததற்குக் காரணம் அடாப்டர். போகும்போது கூடப் போனது 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். வரும்போது வந்தது ஒரு கறுப்பு போன் சார்ஜரும், ஒரு மீட்டர் நீளத்தில் நூல் மாதிரி ஒரு கேபிளும். சார்ஜரில் "ஃபாஸ்ட்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கீழே பொடி எழுத்தில் 5 வோல்ட் 2 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருக்கும். பை 4 அந்த 9 வோல்ட்டைக் கேட்டு வாங்காது. அதற்குக் கிடைப்பது 5 வோல்ட் வரிசை மட்டும்.

அதைவிட மோசம் கேபிள். அதன் மேல் 28 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருந்தது (கம்பியின் தடிமன் அளவு; எண் கூடினால் கம்பி மெல்லியது). அந்தக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒன்று, வர ஒன்று என 0.42 ஓம் ஆகிறது. 1.5 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.63 வோல்ட் போய்விடும். 5.1 புறப்பட்டாலும் போர்டுக்குச் சேர்வது 4.47 தான். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை மின்னல் குறி காட்டி, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்தில் 24 ஏடபிள்யூஜி கேபிள் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுதான்.

ஸ்டெபிலைசர் கதையும் இங்கேயே முடிகிறது. அடாப்டர் மேலேயே 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் குளச்சல் பக்கம் லைன் 170-க்கு இறங்கினாலும் வெளியே வருவது அதே 5 வோல்ட்தான். இழப்பு சுவருக்குள் இல்லை, அந்த ஒரு மீட்டர் கேபிளில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் டெர்மினலில் விசிஜென்சிஎம்டி கட்டளையால் (vcgencmd get_throttled) த்ராட்டில் நிலையை, அதாவது வேகம் வெட்டப்படுகிறதா என்பதை, கேளுங்கள். வெறும் பூஜ்யம் வந்தால் சுத்தம். 50005 என்று முடிந்தால் இந்த நிமிடமே வோல்ட் குறைந்து வேகம் வெட்டப்படுகிறது. 50000 என்றால் ஆன் செய்த பிறகு எப்போதோ நடந்திருக்கிறது, இப்போது இல்லை.

சரி, கடைக்குப் போகும் முன்பே இருந்த கரகர எதனால்? வீட்டில் புதிதாக 4கே டிவி வாங்கியிருந்தார்கள், குறை ஆரம்பித்ததும் அதே வாரம். கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. பை 4 அந்த டிவியைப் பார்த்ததும் 4கே, 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 படம்) போய் உட்கார்ந்துவிட்டது. கேமோ நொடிக்கு 60 ஃபிரேம் கேட்கிறது. விசிங்க் (கேமைத் திரையோடு பூட்டும் அமைப்பு) ஆனில் இருந்தால் திரை வேகத்துக்குத்தான் கேம் ஓடும், அதாவது பாதி வேகம்.

இங்கே கணக்கு முக்கியம். எச்டிஎம்ஐ சத்தம் நொடிக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தின் சின்னத் துண்டுகள்), 60 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு 800. 30 ஃபிரேம் மட்டும் ஓடினால் நொடிக்கு 24,000 தான் தயாராகும், டிவி கேட்பதோ 48,000. ரெட்ரோபைக்குள் கேமை ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் ஆடியோ லேட்டன்சி (முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் சத்தத்தின் அளவு) 64 மில்லி நொடி என்று இருந்தால் கையிருப்பு 3,072 சாம்பிள். நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்திலேயே அது காலி. காலியானதும் ஒரு வெட்டு, மறுபடி நிரம்பும், மறுபடி வெட்டு. காதில் விழும் கரகர அதுதான். சின்ன வித்தியாசத்தை ரெட்ரோஆர்க் சத்தத்தைக் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கும், ஆனால் அந்த இழுவை அரை சதவீதம் அளவுக்குத்தான். பாதி வேகத்தை எந்த இழுவையாலும் மூட முடியாது.

தீர்வுக்கு ஒரு பைசா செலவில்லை. பழைய ரெட்ரோபையில் கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ குரூப் 1, மோட் 16 என்று இரண்டு வரி போட்டால் 1080பி, 60 ஹெர்ட்ஸ். புதிய கேஎம்எஸ் டிரைவர் (திரையைக் கவனிக்கும் மென்பொருள்) உள்ள இமேஜில் அந்த வரிகளுக்கு மதிப்பில்லை. அங்கே திரை அமைப்பு மெனுவிலேயே 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பெட்டியில் இரண்டு வரியும் போட்டு, வேறு 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை மாட்டியதும் கரகர நின்றுவிட்டது.

உங்கள் பெட்டியிலும் உடைந்தால் முதலில் ரெட்ரோஆர்க்கில் ஃபிரேம்ரேட் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். 60-ல் நிலையாக நின்றும் சத்தம் உடைந்தால் ஆடியோ பக்கம் பாருங்கள்: லேட்டன்சியை 64-லிருந்து 96, பிறகு 128 என ஏற்றுங்கள், டிரைவரை ஆல்சா, ஆல்சா-த்ரெட் என்று மாற்றிப் பாருங்கள். எண் 52, 54 என்று ஆடினால் லேட்டன்சியைத் தொட்டுப் பயனில்லை. கையிருப்பு தீரக் கொஞ்சம் தாமதமாகும், பட்டனுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி கூடும், அவ்வளவே. பையின் சுமையைக் குறைக்க ரன்-அஹெட் (பட்டன் தாமதத்தைக் குறைப்பது), ஷேடர் (படத்துக்கு மெருகு சேர்ப்பது) இரண்டையும் அணையுங்கள், இலகுவான கோர் (பழைய கன்சோலாக நடிக்கும் மென்பொருள்) போடுங்கள். பிளேஸ்டேஷனுக்கு பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு போதும். சூட்டையும் பாருங்கள். 80 டிகிரியைத் தொட்டால் பை தானாகவே வேகத்தைக் குறைக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் நம்மூர் ஏப்ரலில் அந்தச் சூட்டை எட்டுவது சுலபம்.

இசை மட்டும் இல்லை, மற்ற சத்தம் எல்லாம் வருகிறது என்றால் கோளாறு பெட்டியில் இல்லை. சிடி கேம்களில் டிராக் பட்டியல் இருக்கும் கியூ கோப்பையோ ஆடியோ டிராக்குகளையோ விட்டுவிட்டு காப்பி செய்திருப்பார்கள். "பத்தாயிரம் கேம்" என்று விற்கிற எஸ்டி கார்டுகளில் இது சாதாரணம்.

முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்தில் ஜாக் வழியாக ஸ்பீக்கர் மாட்டுபவர்களுக்கு மட்டும்: பிளக்கைத் திருகும்போது சத்தம் வந்து போனால் உப்புக்காற்று பிடித்த தொடுமுனைதான். பெட்டியை அணைத்து, பிளக்கில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவி நாலைந்து தடவை செருகி எடுங்கள்.

கடைக்கே போக வேண்டி வந்தால் போர்டை மட்டும் கொடுங்கள், அடாப்டரும் எஸ்டி கார்டும் வீட்டில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். இல்லாத ஐசியைக் கழற்றித் தர யாராலும் முடியாது. பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

துண்டுச்சீட்டு, போர்டின் போட்டோ, அந்தக் கறுப்பு சார்ஜர் மூன்றும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன. பெட்டியோடு போன அந்த 3 ஆம்பியர் அடாப்டர் இன்னும் கடையில்தான்.