வடசென்னை மாடித்தோட்டத்துக்கு எந்த மண் கலவை? ரெடிமேட் பை, செம்மண், தென்னைநார்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மொட்டை மாடியில் கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மண் வாங்கலாம்?" என்றுதான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். செடிக்கு என்ன தண்ணீர் ஊற்றப் போகிறோம்? மாடி எவ்வளவு கனம் தாங்கும்? நான் பார்த்த வரையில் இந்தப் பக்கத்து மாடித்தோட்டங்கள் உரக்குறையால் கெட்டது குறைவு. உப்பாலும், ஐப்பசி கார்த்திகையில் தேங்கிய தண்ணீராலும் கெட்டதுதான் அதிகம். அதனால் ஒவ்வொரு கலவையையும் அந்தக் கணக்கிலேயே பார்க்கிறேன்.

முதலில் தண்ணீர். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மெட்ரோ வாட்டர் வருகிற நாளில் கவலையில்லை. மற்ற நாட்களில் போர் தண்ணீரையோ, ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுநீரையோ செடிக்கு ஊற்றிவிடுகிறோம். அந்தக் கழிவுநீரில் உள்ளே போன தண்ணீரைவிட உப்பு கூடுதல். தரையில் ஊற்றினால் மழை கீழே அடித்துக்கொண்டு போய்விடும். பையில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இருக்காது; அதை வாளியில் பிடித்து வைத்துப் போர் தண்ணீரோடு கலந்து ஊற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஒன்றை வாங்குங்கள். எந்த உரத்தையும்விட முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

அடுத்து கனம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டடக் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்று வைப்பார்கள். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பையில் 20 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண்ணும் மணலும் தொழு உரமும் போட்டு நனைத்தால் ஒரு பை 30 கிலோவுக்கு வந்துவிடும். சதுர மீட்டருக்கு ஆறு பை வைத்தாலே 180 கிலோ. அதே பை தென்னைநார்க் கலவையில் 17, 18 கிலோவில் நிற்கும். புதிய கான்கிரீட் வீட்டிலேயே இதைப் பார்க்க வேண்டும் என்றால், பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் இன்னும் மிச்சமிருக்கும் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாடிகளில் நடுவில் ஒரு பை கூட வைக்காதீர்கள். கீழே சுவர் இருக்கும் ஓரங்களில் மட்டும், அதுவும் இலேசான கலவையில்.

இனி போட்டியாளர்கள்.

கடையில் விற்கும் ரெடிமேட் 'ஆர்கானிக் பாட்டிங் மிக்ஸ்' பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பெரும்பாலும் தென்னைநார்த் தூள், கொஞ்சம் மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, மேலே தெரிகிற மாதிரி நாலு வெள்ளைப் பெர்லைட் (காற்றோட்டத்துக்குப் போடும் இலேசான பொரிகல்). கலவை மோசம் என்று சொல்ல மாட்டேன். என் குறை, அதைக் கிலோ கணக்கில் விற்பதுதான். ஈரத் தென்னைநார் தண்ணீரின் எடையைத் தாங்கி நிற்கும்; நாம் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். லிட்டர் அளவு போட்டிருக்கும் பையை மட்டும் வாங்குங்கள். பால்கனியில் மூன்று நான்கு தொட்டி, அதில் துளசியும் புதினாவும் என்றால் ரெடிமேட் வாங்கிக்கொள்ளலாம், நேரம் மிச்சம். இருபது பை வைக்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது. அப்புறம், அந்தப் பையில் இருக்கிற சத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். தக்காளி பூக்கத் தொடங்குகிற நேரம் அது.

செம்மண், மணல், தொழு உரம் மூன்றும் சம பங்கு என்பது நம் அப்பா, தாத்தா காலத்துக் கலவை. தரையில் வைக்கும் தொட்டிக்கு இன்றும் இதுதான் என் முதல் தேர்வு. கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை போல வருஷக்கணக்கில் நிற்கிற செடிக்குத் தென்னைநார் சரிவராது. அது நாளாக நாளாக மக்கி உள்ளே இறங்கும், செடி சாயும். செம்மண் உறுதியாக நிற்கும், சத்தையும் பிடித்து வைக்கும். சிக்கல் எங்கே என்றால், செம்மண் என்ற பெயரில் நமக்கு வருவது எல்லாம் செம்மண் இல்லை. மாதவரம் பக்கத்து நர்சரியில் "அண்ணே, இது செங்குன்றம் பக்கத்து மண்ணா?" என்று கேட்டால் "ஆமா மா, சூப்பரா வரும்" என்பதுதான் பதில். வீட்டுக்கு வந்து கொட்டினால் பாதி கிராவல், மீதியில் இடித்த வீட்டுக் காரை.

அதனால் மூட்டையாக வாங்கும் முன் இரண்டு கைப்பிடி மட்டும் வாங்கி வாருங்கள். ஒரு பிடியைத் தட்டில் பரப்பி அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்புக் காரை கலந்திருக்கிறது. அதில் தக்காளியும் மிளகாயும் இலை வெளுத்துப் போகும், இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியாது. இன்னொரு பிடியைக் கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீரோடு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்காருவது மணல். அதற்கு மேல் சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே நின்றால் அது களி. களி பாதிக்கு மேல் இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் பையின் ஓரத்தை விட்டுப் பிரிந்து ஓடாக இறுகும். ஊற்றுகிற தண்ணீர் ஓரம் வழியாகவே ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். மேலே ஈரமாகத் தெரிவதால் நமக்குத் தெரியவும் தெரியாது.

ஆற்றோரத்திலோ, முகத்துவாரத்துப் பக்கமோ இலவசமாக மண் கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள். 2023 டிசம்பர் மழையில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் சலித்தெடுத்த மண் என்று யாராவது கொடுத்தாலும் கீரைக்கும் காய்க்கும் வேண்டாம். பல பத்தாண்டுகளாகப் பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் எல்லாக் குப்பையோடும் சேர்ந்து கிடந்த இடம் அது. உலோகம் மக்காது.

தென்னைநார்க் கழிவுக்கு வருவோம். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளையில் (கிட்) கொடுப்பதும் இதைத்தான்: அழுத்திய கட்டி, வளர்ப்புப் பை, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், வேர் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சை. 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் 60, 70 லிட்டராக உப்பும். கனம் குறைவு, வேருக்குக் காற்று கிடைக்கும், மே மாதத்தில் ஒரு வேளை தண்ணீர் விடத் தவறினாலும் செடி தாங்கும். மாடிக்கு இதை விட்டால் வேறு வழியில்லை என்பதே என் கருத்து. ஆனால் தென்னைநார் மட்டுமே போட்டு வளர்க்கிறவர்கள் இரண்டாம் மாதம் மஞ்சள் இலையோடு வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அதற்கு இரண்டு காரணம். ஒன்று உப்பு. மட்டையை ஊறப்போட்ட தண்ணீரைப் பொறுத்து, கழுவாத தென்னைநாரில் சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். மூன்று தடவை கழுவி, தேநீர் நிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வந்தால் உப்பு போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிறம் மட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். உப்புக்கு நிறம் கிடையாது. நிறம் போன பிறகும் உப்பு இருக்கலாம், நிறம் இருக்கும்போதே உப்பு போயிருக்கலாம். மீட்டரை வைத்துத்தான் சொல்ல முடியும். ஊறவைக்கும் தண்ணீரை முதலில் அளந்துகொள்ளுங்கள். பிழிந்து வரும் தண்ணீரில் மீட்டர் காட்டும் எண் அதைவிட 200, 300 பி.பி.எம்.முக்கு மேல் கூடாமல் வரும் வரை கழுவ வேண்டும். உப்புப் போர் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. மெட்ரோ வாட்டரிலோ மழை நீரிலோ கழுவுங்கள். கடைசி அலசலில் வாளிக்கு ஒரு கைப்பிடி ஜிப்சம் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால், கால்சியம் உள்ளே போய் சோடியத்தை வெளியே தள்ளும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவது தென்னைநாரில் அதிகம் வருவதற்கு இந்தக் கால்சியப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். முட்டை ஓட்டுத் தூள் கரைய மாதக்கணக்கில் ஆகும். வந்த நோய்க்கு அது உதவாது.

இரண்டாவது காரணம், மக்காத நார். அதில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல 100 மடங்குக்கு மேல். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடையில் 'மக்கவைத்த தென்னைநார்' என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். நன்றாக மக்கியது கறுப்பாக இருக்கும், பிசைந்தால் நார் நாராக வராது.

மண்புழு உரமா, மாட்டுச் சாணத் தொழு உரமா என்பது இதற்குள்ளேயே ஒரு சண்டை. என் ஓட்டு மண்புழு உரத்துக்கு, ஆனால் நல்லதாக இருந்தால் மட்டும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் தழைச்சத்து குறைந்தது 1 சதவீதமும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தலா 0.8 சதவீதமும் இருக்க வேண்டும், ஈரம் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கையில் இறுக்கினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவுக்குத்தான், ஆனால் விலை மலிவு. வியாசர்பாடி, பெரம்பூர் தெருக்களில் மாடு வளர்ப்பவர்களிடம் இன்னமும் கேட்டால் கிடைக்கும். ஆறு மாதமாவது மக்கியதாக இருக்கட்டும். அதில் வெள்ளையாக, குண்டாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பையில் போடுங்கள். பாதி வெந்த உரமா என்று சந்தேகம் வந்தால், ஒரு டம்ளரில் அதைப் போட்டு வெந்தயம் தூவிப் பாருங்கள். நாலு நாளில் நன்றாக முளைத்தால் சரி. முளைக்காமல் அழுகினால் இன்னும் சில வாரம் நிழலில் கிடக்கட்டும்.

புண்ணாக்கில் கடலைப் புண்ணாக்குக்குத் தழைச்சத்து 7 சதவீதம் வரை, வேப்பம் புண்ணாக்குக்கு 5 அளவில். ஆனாலும் பையில் கலக்க வேம்புதான் சரி. கடலைப் புண்ணாக்கு வாசத்துக்கு எலியும் எறும்பும் வந்துவிடும். அதை ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றலாம்.

சரி, இருபது லிட்டர் பைக்கு என் கணக்கு: கழுவிய, மக்கிய தென்னைநார் 8 லிட்டர், எலுமிச்சைச் சோதனையில் தேறிய செம்மண் 4 லிட்டர், மண்புழு உரமும் தொழு உரமும் சேர்த்து 6 லிட்டர், கருக்கிய நெல் உமி 2 லிட்டர். இதோடு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம், டிரைக்கோடெர்மா ஒரு கரண்டி. முழுக்க வெந்து வெளுத்த உமிச்சாம்பல் வேண்டாம், காரத்தன்மையைக் கூட்டிவிடும். நம் போர் தண்ணீரே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கலந்ததை ஈரத்தோடு சாக்கு மூடி நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். முதல் சில நாள் உள்ளே கைவிட்டால் சூடு தெரியும். சூடு அடங்கி, மழை பெய்த மண் வாசம் வந்த பிறகு நாற்று நடலாம். ஆடிப்பட்டத்துக்கு ஆனியிலேயே கலந்து வைத்துவிட்டால் அவசரமில்லை.

இதில் எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால், பெர்லைட்டிலும் பெயர் பெற்ற பைகளிலும் பிடியுங்கள். மக்கிய உரத்தில் மட்டும் பிடிக்காதீர்கள். இடையில் போடுகிற மேலுரத்துக்கு நமக்குக் காசிமேடு இருக்கிறது. பச்சை மீன் கழிவும் அதே எடை வெல்லமும் சேர்த்து மூடி வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் மீன் அமிலம் தயார். லிட்டருக்கு 10 மில்லி கலந்து வேரில் ஊற்றலாம். கருவாட்டுக் கழிவை மட்டும் தொடாதீர்கள். அது முழுக்க உப்பு.

அறுவடை முடிந்ததும் பையைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கலவை இரண்டாம் போகத்தில்தான் பக்குவப்படும். தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு, ஒரு வேரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். வேர் சுத்தமாக இருந்தால் மற்றதை அப்படியே உள்ளே மக்கவிட்டு, மேலே ஐந்து லிட்டர் உரம் சேர்த்து, தக்காளிக் குடும்பத்தை விட்டுக் கீரையோ அவரையோ போடுங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால், வேரைத் துளைக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வந்திருக்கிறது. வேரை முழுக்க எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கலவையை மே மாத வெயிலில் ஈரத்தோடு பரப்பி, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் இறுக்க மூடி நாலு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பைகளில் முதலில் நூற்புழுவைக் குறைக்கும் துலுக்கச் சாமந்தி, அப்புறம்தான் காய்கறி.