பல் மருத்துவக் கல்லூரியா, தனியார் கிளினிக்கில் தவணையா?

காப்பீடு இல்லாமல் ரூட் கெனால் செய்ய வேண்டுமென்றால், நான் முதலில் பார்க்கச் சொல்வது பல் மருத்துவக் கல்லூரியைத்தான். மாணவர்கள் கைவைப்பார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் கூடவே ஆசிரியர் மேற்பார்வை இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் அவர் பார்த்த பிறகுதான் அடுத்தது. அதனால்தான் நேரம் பிடிக்கிறது, ஒரே பல்லுக்குப் பலமுறை அலைய வேண்டி வரலாம். கட்டணம் பெரும்பாலும் நன்றாகவே குறையும்.

அடிக்கடி விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்குத் தனியார் தவணை சரி. வட்டி எவ்வளவு, சிகிச்சை முடிந்த பல்லின் மேல் போடும் கேப்புக்குத் தனிக் கட்டணமா என்பதை மட்டும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டால் விலை விசாரித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள்.