பொலினீசியத் தீவுப் பெட்டி: தரம் 8, 9 வகுப்புக்கு வாங்கலாமா?

வளம், பொருளாதாரம், சமூகம் மூன்றையும் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் விளங்கப்படுத்த இந்தக் கற்பித்தல் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் வந்தபடியே நடத்தினால் பாதிப் பலன்தான். ஓர் அட்டையைத் திருத்த வேண்டும், ஒரு பாடத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

பெட்டிக்குள் ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) மூன்றையும் மூலைகளாகக் கொண்ட பொலினீசியா என்ற பசிபிக் தீவு முக்கோணத்தின் துணி வரைபடம், வீட்டு அட்டைகள், மீன் வில்லைகள், தண்ணீர்ச் சோதனைத் தட்டு, ஆசிரியர் கைநூல் இருக்கின்றன. வரைபடத்தில் குறையில்லை, கரும்பலகையில் கொழுவலாம்.

மீன் பங்கீட்டு விளையாட்டுத்தான் இதில் முதல்தரம். டோக்கலாவ் மூன்று பவளத்தீவுகள் கொண்ட, நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட சிறு பிரதேசம். அங்கே ஊராகப் போய்ப் பிடித்த மீனை ‘இனாட்டி’ முறைப்படி வீட்டு ஆட்தொகையைப் பார்த்துப் பங்கிடுவார்கள். கடலுக்குப் போனவர், போகாதவர், கிழவி, கைக்குழந்தை எல்லாருக்கும் பங்குண்டு. விளையாட்டில் ஆறு வீடு, 31 பேர், 70 மீன். ஆளுக்கு இரண்டு கொடுத்தால் 62 போய்விடும், மிச்சம் எட்டு. அந்த எட்டில்தான் பாடமே இருக்கிறது. பிடித்தவனுக்கா, நோயாளி இருக்கிற வீட்டுக்கா, நாளைக்கு உப்புப் போட்டு வைப்பதா என்று பிள்ளைகள் சண்டை பிடிக்கட்டும். கைநூல் விடையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதை வகுப்பில் வாசிக்காதீர்கள், வாசித்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். முடிந்தபின் கரையில் நின்று இழுக்கும் கரைவலையைப் பற்றிக் கேளுங்கள்: வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எத்தனை பங்கு, இழுத்தவர்களுக்கு எத்தனை? முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக் கணக்கு. வலையும் வள்ளமும் ஒருவருடையதாக இருக்கும்போது பங்கு ஏன் மாறுகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர்த் தட்டு. பவளத்தீவில் ஆறும் குளமும் இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. துவாலு என்ற பவளத்தீவு நாட்டில் அந்தப் படையைத் தொடும்வரை குழி தோண்டி, உள்ளே ‘புலாக்கா’ என்ற பெருஞ்சேம்பை நடுகிறார்கள். தட்டின் நடுவில் மணலை மேடாகக் குவித்து, ஒரு லீற்றருக்கு 35 கிராம் உப்பும் நீலச் சாயமும் கலந்த தண்ணீரைச் சுற்றி ஊற்ற வேண்டும். பிறகு துளையிட்ட மூடியால் மேட்டின் மேல் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மேட்டுக்குள் குழாயை இறக்கி 10 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுத்தால் தெளிந்த தண்ணீர் வரும், வேகமாக இழுத்தால் நீலம் ஏறும். கிணற்றில் மோட்டர் போட்டு இறைத்தபின் தண்ணீர் ஏன் சவராகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஆனால் பெட்டியோடு வருகிற மணல் குறுணிக் கல். அதில் இரண்டு தண்ணீரும் உடனே கலந்து தட்டு முழுக்க நீலமாகிவிடும். நுண்ணிய ஆற்று மணலை அரித்துப் போடுங்கள். கடல் மணல் என்றால் நாலு தரமாவது கழுவ வேண்டும்.

ஹவாயின் ‘அஹுபுவா’ அட்டை பரவாயில்லை. மலை முதல் கடல் வரை ஒரே நிலப்பிரிவு. ஓடைத் தண்ணீர் சேப்பங்கிழங்கு வயலுக்குள் போய்த் திரும்பவும் ஓடையில் சேரும். கீழே மீன்குளத்து மதகுக் கம்பிகளுக்குள்ளால் குஞ்சு நுழையும், கொழுத்த மீன் வெளியேறாது. அதன் பக்கத்தில் வன்னியின் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளம், வாய்க்கால், வயல், சுண்டிக்குளம் களப்பு என்று வரைவித்து, கோடை நெல்லுக்கான சிறுபோகக் கூட்டத்தில் யார் எத்தனை ஏக்கர் என்று முடிவாவதையும் பேசவைத்தால் அட்டை உயிர்பெறும்.

திருத்த வேண்டியது ராப்பா நூயி அட்டை. மரத்தை வெட்டித் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருப்பது அநியாயம். பனைக்காடு அழிந்தது உண்மை. வித்துகளைத் தின்ற எலிகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் சனங்கள் கல்லைப் பரப்பி ஈரம் காத்து வத்தாளை பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1862இல் பெருவின் அடிமைக் கப்பல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்துப் போயின. திரும்பிய சிலரோடு பெரியம்மை வந்தது. 1877இல் மிஞ்சியவர் 111 பேர். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், அழிவுக்குச் சனங்களே பொறுப்பு என்ற பாதிக் கதையைச் சொல்லிக் கொடுக்கக்கூடாது. அட்டையின் பின்பக்கத்தில் இந்த ஆண்டுகளை ஒட்டிவிடுங்கள்.

சேர்க்க வேண்டியது இன்றைய பொருளாதாரம். கைநூலைப் படித்தால் பொலினீசியர்கள் இன்னும் தோணியில்தான் போகிறார்கள் என்று தோன்றும். துவாலுவுக்கு வருமானம் தருவன வெளிநாட்டுச் சூரைமீன் கப்பல்களின் அனுமதிக் கட்டணமும் இணையத்தின் ‘.டிவி’ முகவரியும். டொங்கா, சமோவா ஆட்கள் 2007 முதல் நியூசிலாந்தின் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் பழத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். வெளிநாட்டுக் காசில் ஓடும் வீடு எப்படியிருக்கும் என்று வன்னிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சமோவாவில் காணியில் ஏறத்தாழ 80 சதவீதம் குடும்ப வழிக் காணி, விற்க முடியாது, ‘மத்தாய்’ என்ற குடும்பத் தலைவர் பொறுப்பில் இருக்கும். அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைக்கும் நம் போமிற் காணியோடு இதை ஒப்பிடச் சொன்னால் ஒரு பாடவேளை போதாது.

மீன் பங்கீட்டுக்கும் தண்ணீர்த் தட்டுக்கும் தனித்தனி இரட்டைப் பாடவேளை ஒதுக்குங்கள், 40 நிமிடத்தில் இரண்டும் அரைகுறையாகும். ஒரு பெட்டி 30 பிள்ளைகளுக்குக் காணும். வில்லை குறைந்தால் புளியங்கொட்டை போதும். தட்டு மட்டும் இன்னொன்று வேண்டும், ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நெடுக்காக வெட்டிச் செய்துகொள்ளலாம்.